கொங்கிரீட் மிக்ஸர் நின்ற காலை

அன்று காலை நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லாவிட்டால் எனக்கு மேலே எழுத வராது.

1. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுத என் மகள் மிதுஷாவைக் கூட்டிக்கொண்டு, அவளுக்குக் குறித்திருந்த பாடசாலைக்குப் போனோம். மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே, ஒரு சிறிய பாடசாலை.

2. வாசலில் என் கணவர் ரவி, எழுத்துள்ள எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்று, அவளுடைய தண்ணீர்ப் போத்தலின் லேபிளைச் சுரண்டினார். அது ஏற்கெனவே வீட்டில் சுரண்டியாயிற்று. பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்து போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

3. பிள்ளைகள் உள்ளே போனார்கள். கேட்டை மூடினார்கள்.

4. மணி அடித்தது. வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பெற்றோரும் சொல்லிவைத்தாற்போல் பேச்சை நிறுத்தினோம்.

5. பாடசாலை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கொங்கிரீட் மிக்ஸர் ஓடத் தொடங்கியது.

6. பெற்றோர் எல்லோரும் திடுக்கிட்டு எழுந்து நின்றார்கள்.

7. நான் மட்டும் உட்கார்ந்தபடியே சிரித்தேன்.

ஏழாவதை வைத்து என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வருடக் கதை இருக்கிறது.

டயர் கடைப் பிள்ளை

எங்கள் வீடு பலாபத்வலயில், ஏ-ஒன்பது வீதியை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் ரவியின் டயர் கடை, பின்பக்கம் நாங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பரீட்சை வருடம் வரைக்கும் அந்தக் கதவு மூடியிருந்து நான் பார்த்ததில்லை.

தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறிகளும் ஏற்றிக்கொண்டு திரும்பும் லொறிகளும் காற்றடிக்க எங்கள் வாசலில்தான் நிற்கும். கம்ப்ரஷர் எழும்பும்போது அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். சூடான ரப்பர் வாசனை சோற்றுப் பானை வரைக்கும் வரும்.

மிது இதற்குள்தான் பிறந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது கம்ப்ரஷர் ஓடும்வரை தூங்குவாள். நின்றால் விழித்து அழுவாள். ரவி ஓடிப்போய்ச் சுவிட்சைப் போடுவார். மறுபடியும் தூங்கிவிடுவாள்.

பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, கடையில் அடுக்கியிருக்கும் டயர்கள்தான் அவளுடைய கதிரை. மடியில் ஒரு பலகை, பலகையில் கொப்பி. லொறி டிரைவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே அவளுக்குக் கணக்குக் கொடுப்பார்கள்.

"மகள், ஒரு மூட்டையில முப்பது கிலோ கத்தரிக்கா. ஏழு மூட்டை ஏத்தினேன். வழியில மாடு ஒண்ணு ரெண்டு கிலோவத் தின்னுருச்சு. மிச்சம் எவ்வளவு?"

"இருநூத்தி எட்டு. ஆனா மாமா, லொறி ஓடிக்கிட்டு இருக்கும்போது மாடு எப்பிடித் திங்கும்?"

"அதானே! டயர் பஞ்சராகி நின்னேன் மகள். அதுக்குத்தானே ஒங்கப்பாகிட்ட வந்திருக்கேன்."

என்னைப் பற்றியும் ஒரு வரி. நான் சுதா, தொழில்நுட்ப உத்தியோகத்தர், அதாவது டெக்னிக்கல் ஒஃபிஸர். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வீதி, மதகு, சிறு பால வேலைகளை மேற்பார்வை செய்கிறேன். ஊரில் 'டீ.ஓ. அம்மா' என்பார்கள். எதையும் பட்டியல் போடாமல் செய்யத் தெரியாது.

அமைதி வந்த வருடம்

பிள்ளை ஐந்தாம் ஆண்டுக்கு வந்தால் நம் பக்கத்து வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிவி கேபிளைக் கழற்றுவார்கள். கல்யாண வீட்டுக்கு அப்பா மட்டும் போவார். விசில் அடிக்குமுன் குக்கரை இறக்கிவிடுவார்கள்.

நானும் ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். முதல் வரி: 'சத்தம் கூடாது.'

நடுக்கதவை மூடினோம். ரவி கம்ப்ரஷரைக் கழற்றி, பின் சந்தில் பூட்டிக்கிடந்த ஒரு கடைக்குள் வைத்து, அங்கிருந்து நீளமான குழாய் இழுத்தார். மிதுவுக்குப் பின்னறையில் புது மேசை, புது விளக்கு. ஜன்னலுக்குத் தடித்த திரை.

கடைக்கு வருகிறவர்களிடம் ரவி வாயில் விரலை வைத்துக் காட்டுவார்.

"என்ன ரவி அண்ணே, ஆஸ்பத்திரியா நடத்துறீங்க?" என்று கேட்டார் ஒரு டிரைவர்.

"பரீட்சைப்பா."

"அண்ணி எழுதுறாங்களா?"

"எழுதப்போறது மக. நடுங்குறது நாங்க."

அந்த டிரைவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஹோர்ன் அடிப்பதையே விட்டுவிட்டார். அவ்வளவு நல்ல மனிதர்கள்.

மிதுவின் புள்ளிகள் இறங்கத் தொடங்கின.

முதலில் போனைக் குறை சொன்னேன். பிறகு சாப்பாட்டை. பிறகு கண் பார்வையாக இருக்கலாம் என்று கண் டொக்டரிடம் காட்டினேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. "கவனம் சிதறுது" என்றார் வகுப்பு டீச்சர். சிதறுவதற்கு அந்த அறையில் ஒன்றுமே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதகில் வெடிப்பு விழுந்தால் எங்களுக்கு முதலில் கேட்கப் பழக்கிய கேள்வி: கடைசியாக இங்கே என்ன மாறியது? வீதியோரத்தில் ஒரு மதகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் மாறியது ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரவியிடம் சொன்னேன்.

"கம்ப்ரஷரத் திரும்ப இங்க கொண்டுவந்து போடுங்க."

"லொறி ஒண்ணும் வரலயே."

"சும்மா போடுங்க."

மிதுவை டயர் அடுக்கின் மேல் உட்காரவைத்து ஒரு மாதிரி வினாத்தாளைக் கொடுத்தேன். கம்ப்ரஷர் கடகடத்தது. வீதியில் லொறிகள் போயின. அவள் குனிந்தவள் நிமிரவில்லை. பேனை ஓடிய வேகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. திருத்திப் பார்த்தால், பழைய புள்ளிகள் அப்படியே திரும்பியிருந்தன.

ஒரு தடவை பார்த்ததை நம்பக்கூடாது என்பதும் எங்கள் படிப்புத்தான். அடுத்த வாரம் ஒன்றை அமைதியிலும் ஒன்றைச் சத்தத்திலும் கொடுத்தேன். அதே விளைவு. நிலத்துக்கடியில் குழாய் கசியும் இடத்தைக் கண்டுபிடித்தால் வருமே ஒரு துள்ளல், அது எனக்கு வந்தது.

"அப்ப இத்தன மாசமா நாங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தது?" என்றார் ரவி.

"அதுதான் பிழை."

ரவி சிரிக்கத் தொடங்கியவர் நிற்க முடியாமல் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

லக்கலயில் மூச்சுச் சத்தம்

அந்தச் சந்தோஷம் மாலைவரைக்கும்தான். பரீட்சை மண்டபத்துக்குக் கம்ப்ரஷரைக் கொண்டுபோக முடியாது.

ஆகவே சத்தத்தைப் படிப்படியாகக் குறைப்பது என்று முடிவெடுத்தேன். முதலில் டயர் அடுக்கு. பிறகு உள்ளறை, கதவு திறந்தபடி. பிறகு கதவு பாதி. பிறகு சமையலறை. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தடுமாறுவாள், பிறகு பழகுவாள்.

கடைசிப் படிக்கு முழு அமைதி வேண்டும். அது ஏ-ஒன்பது வீதியோரத்தில் கிடைக்காது. என்னோடு வேலை செய்யும் நில்மினியின் வீடு லக்கலயில். பஸ் எப்போதாவதுதான் வரும், சுற்றிவர வயல். விடுமுறை நாளொன்றில் மிதுவை அங்கே கூட்டிப்போனேன்.

நில்மினி விறாந்தையில் மேசை போட்டுக் கொடுத்தாள். மிது எழுதத் தொடங்கிச் சற்று நேரத்தில் பேனையை வைத்துவிட்டாள்.

"என்னம்மா?"

"அம்மா, இங்க என் மூச்சு எனக்குக் கேக்குது. வேற ஒண்ணுமே கேக்கல."

சொல்லிவிட்டு அழுதாள். நில்மினிக்குத் தமிழ் அவ்வளவாக வராது. பிள்ளைக்குப் பசி என்று நினைத்துத் கடித்தால் மொறுமொறுக்கும் அரிசிமாப் பலகாரமான கொக்கிஸைத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். அழுதுகொண்டே அதைக் கடித்தவள், "அம்மா, இது நல்ல சத்தமா இருக்கு" என்றாள். பரீட்சை மண்டபத்துக்குக் கொக்கிஸும் கொண்டுபோக முடியாது என்று நான் சொல்லவேண்டியிருந்தது.

இரண்டாம் முறை போனோம். முன்னேற்றம் இல்லை. மூன்றாம் முறை ஒரு மாற்றம் கண்டேன். வாய் மூடியிருந்தது, ஆனால் தலை மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. தாளை முடித்துவிட்டாள்.

"என்ன செஞ்ச?"

"உள்ள கம்ப்ரஷர ஓடவிட்டேன்."

"எங்க உள்ள?"

"தலைக்குள்ளம்மா. கடகடன்னு ஏறும்ல, காத்து நிறைஞ்சதும் டப்புன்னு நிக்கும்ல? அப்பிடி நிறைஞ்சா கணக்கு வரும்."

"எப்பவும் ஓடுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "சில நேரம் ஸ்டார்ட் ஆகாது."

பரீட்சைக்குப் போகும்போது எங்கள் நிலைமை இதுதான். உள்ளே ஒரு கம்ப்ரஷர் இருக்கிறது. அது ஓடுமா ஓடாதா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மதிலுக்கு அந்தப் பக்கம்

இப்போது விளங்கியிருக்கும், நான் ஏன் சிரித்தேன் என்று. மிக்ஸருக்குள் கல்லும் மணலும் உருளும் சத்தம் கம்ப்ரஷரையே தோற்கடிக்கும். என் பிள்ளைக்காகக் கடவுளே இறங்கிவந்து மோட்டாரைப் போட்டுவிட்டதாக நினைத்தேன். திடுக்கிட்டு எழுந்திருந்த ரவியும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலும் அதே சிரிப்பு வந்தது.

"ஐயோ, என் மகன்!" என்று பக்கத்தில் ஒரு குரல். புவனா அக்கா.

புவனா அக்கா மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா பார்க்கிறவர். வேலைக்குப் போகும் தாய்மாருடைய குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் இடம் அது. அவருடைய மகன் கவினும் அதே மண்டபத்தில் எழுதிக்கொண்டிருந்தான். காலையில் கேட்டடியில்தான் பழக்கமானோம். அதற்குள் என் வேலை, என் ஊர், என் சேலை வாங்கிய கடை எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"காதுக்குள்ள கொசு பறந்தாலே பேனைய வெச்சிருவான் சுதா! என்ன நீங்க, சிரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? ஒங்க மகளுக்குக் காது இல்லையா?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"நீங்க டீ.ஓ. தானே? இந்த மெஷின் காரங்க ஒங்க பேச்சத்தானே கேப்பாங்க? எதையாவது செய்யுங்களேன்." குரல் உடைந்துவிட்டது. "அவன் எங்க லயத்துல, ஒட்டியொட்டி இருக்கிற வீடெல்லாம் தூங்கின பிறகு எழுந்து நடந்து நடந்து படிச்சான். இந்த ஒரு நாளுக்கு."

மண்டபத்தின் ஜன்னல்களைப் பார்த்தேன். மிதுவைப் போல அங்கே ஒருத்திதான் இருப்பாள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கவினைப் போல. எழுந்தேன்.

ரவி என் கையைப் பிடித்தார். "நிப்பாட்டினா நம்ம பிள்ளைக்கு..."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் போறியா?"

"நீங்களும் வாங்க."

வாசலில் நின்ற பொலிஸ்காரருக்கு இடத்தை விட்டு நகர அனுமதியில்லை. கையைக் காட்டி எங்களை அனுப்பினார். மதிலைச் சுற்றிக்கொண்டு போனோம். எங்கள் பின்னால் பெற்றோர் ஒரு ஊர்வலமாக வந்தார்கள்.

அது புதிதாகக் கட்டும் வீடு. உரிமையாளர் ரிஸ்வான் நானா, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர். எங்களைக் கண்டதும் தலையில் கையை வைத்துவிட்டார்.

"அல்லாஹ்வே, சோதனை இண்டைக்கா? சத்தியமா எனக்குத் தெரியாது தங்கச்சி. மூணு நாளையில திரும்ப பிளேன் ஏற ஈக்குது. மேசன் பாஸும் இண்டைக்குத்தான் வந்தார்."

"ஒரு பரீட்சை முடியிற வரைக்கும் பொறுக்க ஏலாதா நானா?" என்றார் புவனா அக்கா.

தலைமைக் கொத்தனாரான அந்த மேசன் பாஸ் என்னைப் பார்த்துச் சொன்னார். "பாதியில நிப்பாட்டினா பெல்ட் ஒட்டாது மிஸ். நீங்களே பாருங்க."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. அத்திவாரத்தின் மேல் வீட்டைச் சுற்றி ஒரே துண்டாக வரவேண்டிய கொங்கிரீட். விடியற்காலையிலேயே மூன்று பக்கம் ஊற்றிவிட்டுத் தேநீருக்காக மிக்ஸரை நிறுத்தியிருந்திருக்கிறார்கள், இன்னும் ஈரம். நான்காவது பக்கத்தை மணித்தியாலக் கணக்கில் தாமதித்து ஊற்றினால் பழையதும் புதியதும் ஒன்றாகப் பிடிக்காது. ஒரு குடும்பம் ஆயுள் முழுக்க இருக்கப்போகும் வீடு.

"வீடு பெரிசா, பிள்ளைங்க பெரிசா?" என்று வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அப்பா சத்தம் போட்டார். அதற்கு ஒருவர் பதில் சொன்னார். அவருக்கு இன்னொருவர். மிக்ஸரைவிடப் பெரிய சத்தம் எங்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது.

"மெஷின் இல்லாம கலப்போம்" என்றேன்.

"யாரு?" என்றார் பாஸ்.

"நாங்கதான். இத்தன பேரும் சும்மாதானே உக்காந்து நகத்தக் கடிச்சிக்கிட்டு இருக்கோம். இன்னும் ஒரு பக்கம்தான். கையால கலந்து அந்த இரும்புத் தாச்சியில அள்ளிக் கொடுப்போம்."

புவனா அக்கா சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"எங்கம்மா கொழுந்து தூக்கினாங்க. நான் கொங்கிரீட் தூக்குறேன். எங்க தாச்சி?"

ரிஸ்வான் நானா போய் மிக்ஸரை நிறுத்தினார்.

மதிலைப் பார்த்து, மனதுக்குள் மட்டும் சொன்னேன்: ஸ்டார்ட் ஆகிரு.

ஷ்ஷ்

விதிகளை மெல்லிய குரலில் சொன்னேன். பேச்சு இல்லை. தாச்சியைப் போடக்கூடாது, வைக்கவேண்டும். மண்வெட்டி தகரத்தில் உரசக்கூடாது, பலகையின் மேல்தான் கலக்கவேண்டும். தும்மல் வந்தால் வீதிக்கு ஓடவேண்டும்.

மணலையும் சீமெந்தையும் முதலில் உலர்வாகப் புரட்டினோம். பிறகு கல். பிறகு தண்ணீர். ரவியும் வெள்ளைச் சட்டை அப்பாவும் எதிரெதிரே நின்று மண்வெட்டி பிடித்தார்கள். அம்மாமார் வரிசையாக நின்று தாச்சியைக் கைமாற்றினோம். கோவிலுக்குப் போய்விட்டு நேரே வந்தவர்களின் திருநீற்றோடு சீமெந்துத் தூசி கலந்தது. அபாயா அணிந்த ஒரு தாய் கைகளை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு எனக்கு அடுத்ததாக நின்றார். உதடு மட்டும் அசைந்தது, ஓதிக்கொண்டிருந்தார். தாச்சி ஒரு தடவைகூட அவர் கையில் தடுமாறவில்லை.

தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றப்போன ஒருவரைத் தடுத்தேன்.

"இங்கயும் மார்க் போடுறீங்களா டீ.ஓ. அம்மா?" என்று புவனா அக்கா காதுக்குள் கிசுகிசுத்தார்.

"போடுறேன். ஒங்களுக்கு முழுப் புள்ளி."

யாரோ ஒருவருடைய போன் அடித்தது. பத்திருபது கண்கள் திரும்பிய வேகத்தில் அவர் போனை வேட்டியோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். கம்பியால் கொங்கிரீட்டைக் குத்தி இறக்கிக்கொண்டிருந்த பாஸ் தாங்கமாட்டாமல் வாய் திறந்தார்.

"என் வாழ்க்கையில இப்பிடியொரு வேலை..."

"ஷ்ஷ்!"

எல்லோரும் சேர்ந்து. பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

கடைசித் தாச்சியை ரிஸ்வான் நானாவின் கையிலேயே கொடுத்தோம். அவர் ஊற்றினார். இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. ஊதிக் குடிப்பதற்குக்கூடப் பயந்தோம்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த நேரம் முழுவதும் என் பிள்ளை என்ன எழுதுகிறாள் என்ற பயம் எனக்குள் இருந்தது. ஆனாலும் நான் உற்சாகமாக இருந்தேன். பரீட்சை வருடம் முழுக்க நாங்கள் எல்லோரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம். அன்று யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்கப் பேச்சும் இல்லை, கையும் ஓயவில்லை.

கேட் திறந்தபோது

வெளியே வந்த பிள்ளைகளுக்குத் தங்கள் பெற்றோரை அடையாளம் தெரியவில்லை. போகும்போது சலவை உடுப்போடு நின்றவர்கள், வரும்போது சாம்பல் பூசி நின்றோம்.

"சத்தம் கேட்டுச்சா சாமி?" என்று புவனா அக்கா கவினைப் பிடித்து உலுக்கினார்.

"கொஞ்ச நேரம் கேட்டுச்சு. நான் காதப் பொத்திக்கிட்டேன். பிறகு நின்னுருச்சு, எழுதிட்டேன். அம்மா, ஏன் ஒங்க மூக்குல சீமெந்து?"

மிது கடைசியாக வந்தாள். அவசரமே இல்லாமல் நடந்துவந்தாள். அப்பாவின் காற்சட்டையைப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள்.

"மிக்ஸர நிப்பாட்டினது நீங்கதானே?"

"எப்பிடித் தெரியும்?"

"முதல்ல நல்லா இருந்துச்சு. சடசடன்னு எழுதினேன். திடீர்னு நின்னுச்சு. சரி, அம்மா எழும்பிட்டாங்கன்னு நினைச்சேன்."

"கோவமா?"

"கொஞ்சம்."

நானும் ரவியும் அவள் முன்னால் குற்றவாளிகள் மாதிரி நின்றோம். ரவிதான் கேட்டார். "பிறகு என்ன செஞ்ச?"

"பிறகு உள்ள இருக்கிறதப் போட்டேன். ரெண்டு தடவ ஸ்டார்ட் ஆகலப்பா. மூணாவது தடவ பிடிச்சிருச்சு."

ரவி அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தார். கையிலிருந்த சீமெந்து கன்னத்தில் கோடாக ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து மிது சிரித்த சிரிப்பில் வாசல் பொலிஸ்காரரும் சிரித்துவிட்டார்.

"எல்லாக் கேள்வியும் எழுதினியா?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடைசியில ரெண்டு விட்டுட்டேன். அது ஸ்டார்ட் ஆகாத நேரத்துல போனது."

பெறுபேறு இன்னும் வரவில்லை. போன வாரம் வேலையாக அந்தப் பக்கம் போனபோது ரிஸ்வான் நானாவின் வீட்டை இறங்கிப் பார்த்தேன். நாங்கள் ஊற்றிய பக்கத்தில் வெடிப்பு இல்லை, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் வீட்டு நடுக்கதவு திறந்திருக்கிறது. மிது டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிக்கிறாள், கம்ப்ரஷர் ஓடிக்கொண்டிருக்கிறது.